வேறு மாநிலத்துக்குப் போன கடிதம்

தலையணை உறை தைக்க வெள்ளைத் துணி வாங்கலாம் என்று நேற்று நம் பத்து பாகாட் பட்டணத்துக்குப் போனேன். கடைக்காரர் சுருளை மேசைமேல் போட்டு உருட்டி விரித்தார். கஞ்சியும் சூடும் சிறிது காடியும் கலந்த வாடை எழுந்து முகத்தில் பட்டது. எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொல்ல வாய் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். "ஆண்ட்டி, ஆண்ட்டி" என்று இரண்டு முறை கூப்பிட்டாராம். என் காதில் விழவில்லை.

அது உன் வாடை. ஆறு வருடம், மாலை நான்கு மணிக்கு, என் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே வந்து நின்ற வாடை. ஆலையிலிருந்து வந்ததும் நீ குளிப்பாய், பவுடர் போடுவாய், துவைத்த உடுப்பு மாற்றுவாய். அப்படியும் அது உன் தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துவிட்டாய். "துணி வாசம் அக்கா, கழுவினா போகாது. நீங்க கட்டியிருக்கிற சீலையும் முதல்ல இப்படித்தான் நாறியிருக்கும். அலமாரிக்குள்ள போனதும் அதுக்குப் பவுசு வந்துடுச்சு" என்றாய். நான் சிரிக்கவில்லை. உன் பேச்சுக்குச் சிரிப்பதை அப்போது நான் ஒரு இறக்கமாக நினைத்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நீ போன வாரமே உட்கார்ந்தேன். முதல் வரியைத் திருத்தித் திருத்தியே நாள் போயிற்று. என் குணம் உனக்குத் தெரியும். கடைசியில் துணிக்கடைக்காரர்தான் முதல் வரியை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

என் கணவர் இறந்த மறு வருடம் நீ பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாய். உன் கணவர் சிங்கப்பூருக்கு லோரி ஓட்டுகிறார், நீ துணி ஆலையில் வேலை செய்கிறாய், சொந்த ஊர் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம். இவ்வளவையும் முதல் நாளே கதவுக்கு வெளியே நின்று சொல்லி முடித்தாய். நான் கேட்காததையும் சேர்த்து. பிறகு ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டி, மலாயில் எழுதியிருப்பது சரியா என்று பார்த்துத் தரச் சொன்னாய். நான் அரசாங்க இலாகாவில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு நான்கு மணிக்கு, என் தேநீர் முடிந்த பிறகு வா என்றேன். நீ சரியாக நான்கு மணிக்கு வந்தாய். அந்த ஒன்றுக்காக மட்டும் உன்னை உள்ளே விட்டேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். நான் கான்வெண்டில் படித்தவள். எங்கள் வீட்டில் தோட்டத்து ஆட்கள் என்று சொல்லும்போது குரல் ஒரு விதமாகத் தாழும். என் குரலும் தாழ்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் நீ அதைப் பிடித்துக்கொண்டாய். "நீங்க கப்பல்ல மேல்தட்டுல வந்தவங்க, நாங்க கீழ்த்தட்டு. ஆனா ரெண்டு தட்டுலயும் ஒரே மாதிரிதான் வாந்தி எடுத்தாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரு" என்று, பாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய். அன்று நான் உனக்குத் தேநீர் ஊற்றவில்லை. அடுத்த நாள் ஊற்றினேன்.

பாரங்கள் முடிந்தன. அப்புறம் நீ ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவர ஆரம்பித்தாய். ஆலையில் வேலை அட்டையைப் பதியும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், வேலையிடப் பாதுகாப்பு விதிகள் மலாயில் தொங்கின. சட்டப்படி தொங்க வேண்டும் என்பதால் தொங்கின. இத்தனை வருடத்தில் வேறு யாரும் அதைப் படித்ததில்லை என்று நினைக்கிறேன். வரிசையில் நிற்கும்போது தினம் இரண்டு வரி மனப்பாடம் செய்து, சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தில் எழுதி, மாலையில் என்னிடம் அர்த்தம் கேட்டாய். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடம் விட்டவள் நீ. உன் எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்தேன். எழுத்தைத்தான் பார்த்தேன். நீ எதற்காக எழுதுகிறாய் என்று இரண்டு மாதம் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டபோது ரொஹாயாவைப் பற்றிச் சொன்னாய்.

உன் பகுதியில் ஈரத் துணியைப் பிழிந்து உலர்த்தும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெரிய உருளைகள். துணி அவற்றுக்கு நடுவே ஓடும். உருளைகளுக்கு முன்னால் ஒரு வலைக்கதவு. அதைத் திறந்தால் இயந்திரம் தானே நின்றுவிட வேண்டும், அதற்கு ஒரு விசை உண்டு. துணி சுருங்கும்போதெல்லாம் கதவைத் திறந்து, கையால் நீவிவிட்டு, மூடி, மறுபடி ஓட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு ஷிப்டுக்கான துணி முடியாது. ஆகவே விசையை அழுத்திய நிலையில் வைத்து, துணியின் கரையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கதவு திறந்தே கிடக்கும், உருளைகள் ஓடிக்கொண்டே இருக்கும். ரொஹாயா ஓடுகிற துணியைக் கையால் நீவுவாள்.

"அவ இடது கைக்காரி அக்கா. மத்தவங்க நிக்கிற இடத்துல நின்னாலும் அவ கை உருளைக்கிட்டதான் முதல்ல போவும்" என்றாய். உன் கையை நீட்டிக் காட்டினாய். என் மேசையில் இருந்த பிஸ்கட் டின்தான் உருளை. உன் இடது கை அதன் விளிம்பைத் தொட்டதும் நான் டின்னை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ரொஹாயாவுக்கு மூன்று பிள்ளைகள். புருஷன் விட்டுப் போய்விட்டான். அவளிடம் நீ இடம் மாறிக்கொள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாய். இரண்டு முறை இடம் மாற்றித் தரக் கேட்டவளை மூன்றாம் முறை வேலையை விட்டே மாற்றிவிடுவார்கள் என்று அவள் பயந்தாளாம்.

துணி வாங்கும் கம்பெனிகளிலிருந்து ஆட்கள் ஆலையைப் பார்வையிட வருவார்கள். வருகிற காலையில் மெக்கானிக் கத்தரியோடு வந்து அந்தக் கட்டை வெட்டி எறிவார். வலைக்கதவு மூடும். விசை வேலை செய்யும். எல்லாம் விதிப்படி இருக்கும். அவர்கள் போனதும்? "கார் கேட்டைத் தாண்டுறதுக்குள்ள திரும்பக் கட்டிடுவாங்க" என்றாய்.

அப்போது நீ பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்தாய். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துணித்துண்டு ஊக்கால் குத்தப்பட்டிருந்தது. நீலம் ஒன்று, பூப்போட்டது ஒன்று, பாத்தேக் சாரோங்கின் கரை ஒன்று. குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கியவை. ஆலைக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது, படம் எடுக்க வழியில்லை. ஆகவே நீ இவற்றைச் சேர்த்திருந்தாய். ஒவ்வொன்றின் கீழும் எந்தத் தேதி, எந்த ஷிப்டு, யார் வெட்டினார்கள். மெக்கானிக் அவசரத்தில் எங்கே வெட்டினாலும் முடிச்சை வெட்டமாட்டார், அது கனமாக இருக்கும். முடிச்சுகள் கலையாமல் அப்படியே இருந்தன. பதினோரு முடிச்சுகள்.

நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். என் உத்தியோக காலம் முழுக்க எத்தனையோ கோப்புகளைத் திறந்திருக்கிறேன். அந்தப் பயிற்சிப் புத்தகத்தைப் போல ஒன்றை எந்த அதிகாரியும் என்னிடம் கொடுத்ததில்லை.

கடிதம் எழுதலாம் என்றேன். அது என் துறை. மூன்று பக்கம், மலாயில், ஓரத்தில் கோடு போட்டு, கான்வெண்டில் சிஸ்டர் அடிக்கோல் வைத்துக் கற்றுக்கொடுத்த ஒழுங்கில் எழுதினேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். விலாசம் எழுத வந்தபோது நீ ஒன்று கேட்டாய். "ஜொகூருக்குன்னு தனியா ஒரு ஆபீஸ் இருக்கும்ல அக்கா? நம்ம மாநிலத்துக்கு?"

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். ஒரு நாளும் திருப்பிச் சொல்லிக் காட்டியதில்லை நீ. ஆகையால் நானே எழுதுகிறேன். யார்மீது புகாரோ அவர் இருக்கும் இடத்துக்குத்தான் கடிதம் போக வேண்டும், கம்பெனியின் தலைமை அலுவலகம் சிலாங்கூரில் இருக்கிறது, கடிதத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறது, ஆகவே சிலாங்கூரில் உள்ள தொழில் பாதுகாப்பு இலாகாவுக்குத்தான் எழுத வேண்டும் என்றேன். முப்பத்தோரு வருடம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதியவளுக்கு நீ சொல்லித்தர வேண்டாம் என்றும் சொன்னேன். நீ தலையாட்டிவிட்டு உறையின் வாயை ஒட்டினாய்.

ஐந்து வாரம் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு நீ தபால் வந்ததா என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். ஆறாவது வாரம் ஒரு திங்கட்கிழமை பதில் வந்தது. மரியாதையான பதில். வேலை நடக்கும் இடம் ஜொகூரில் இருப்பதால் ஜொகூர் மாநில அலுவலகம்தான் இதை விசாரிக்க முடியும், அங்கே தொடர்புகொள்ளுங்கள் என்று. தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கணக்கில்லை. இயந்திரம் எந்த மாநிலத்தில் ஓடுகிறதோ அந்த மாநிலம்.

அதாவது, நீ சொன்னது.

அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் கைக்குட்டைகளுக்கு அடியில் வைத்தேன். புதிதாக ஒன்று எழுதி, ஜொகூருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக உன்னிடம் காட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கள் மாலை நீ வந்தாய், ஒன்றும் வரவில்லை என்றேன். செவ்வாய் மாலை வந்தாய், தபால்காரரைக் குறை சொன்னேன். நீ நம்பினாய். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

புதன்கிழமை நீ நான்கு மணிக்கு வரவில்லை. ஐந்தேகாலுக்கு வந்தாய். குளிக்கவில்லை, உடுப்பு மாற்றவில்லை. கையில் கிழிந்த ஒரு சட்டைக்கை. பச்சை நிறம், சின்னப் பூக்கள். ரொஹாயாவின் பாஜுச் சட்டையிலிருந்து தோள்வரைக்கும் கிழிந்து வந்தது. துணியை நீவும்போது உருளை சட்டைக்கையைக் கவ்விக்கொண்டது. நீ அடுத்த மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாய். நான்கு விரல் அகலம் மிச்சம் இருந்தது, அவள் விரல் நுனிக்கும் உருளைக்கும் நடுவே. முன்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. அவள் அழவில்லையாம். அரை மணி நேரம் உன் கையை விடவே இல்லையாம். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் சட்டைக்கையை மடித்துக் குத்திக்கொள் என்று அவளுக்கு ஒரு ஊக்கு கொடுத்துவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் இயந்திரம் ஓடியது.

நீ சொல்லி முடித்ததும் நான் எழுந்து இழுப்பறையைத் திறந்தேன். கைக்குட்டைகள் தரையில் விழுந்தன. கடிதத்தை உன்னிடம் கொடுத்தேன்.

"மூணு நாளா வெச்சிருக்கேன். தப்பான மாநிலத்துக்கு எழுதிட்டேன். நீ சொன்னதுதான் சரி."

நீ நின்றபடியே படித்தாய். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, மெதுவாக, முழுவதையும் படித்தாய். நான் காத்திருந்தேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நீ கடிதத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, உன் கைத்தொலைபேசியை எடுத்தாய்.

அந்தக் காட்சி எனக்குள் இன்னும் வெளிச்சமாக இருக்கிறது. நீ நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டாய். பாதுகாப்பு இலாகாவின் இணையப் பக்கத்தைத் தேடி எடுத்தாய். மருந்து கலந்த தண்ணீரில் வெடித்த உன் கட்டைவிரல் திரையை மேலே தள்ளத் தள்ள, மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு விலாசம், ஒரு தொலைபேசி எண், அலுவலக நேரம். அரசாங்கத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பது தெரியாது. விதிகள் ஒரு பக்கம், எந்த இயந்திரத்துக்கு எந்த விதி என்று கையேடுகள் ஒரு பக்கம், யாரிடம் போய்ச் சொல்வது என்பது ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஜொகூர் வந்ததும் உன் விரல் நின்றது. "பாருங்க அக்கா, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கதவு வெச்சிருக்காங்க. நம்ம கதவு இது" என்று மெதுவாகச் சொன்னாய். கோயிலில் பேசுகிற குரல் அது.

பிறகு என்னைப் பார்த்து, "காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாய். போகிறபோது வாசலில் திரும்பி, நான் சீலைக்கு இஸ்திரி போட ஒரு மணி நேரம் எடுப்பேன் என்பதால் இப்போதே போட்டு வைக்கச் சொன்னாய். நானும் வருகிறேனா என்று நீ கேட்கவில்லை. என்னைக் கூட்டிப்போவது என்று நீயே முடிவு செய்திருந்தாய். அதற்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

ஜொகூர் பாருவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் நீ, உன் மடியில் ரொட்டிப் பையில் சுற்றிய பயிற்சிப் புத்தகம். ஆயர் ஹீத்தாம் ஊரைத் தாண்டினோம். பிறகு கேட்டேன், என்மேல் கோபம் இல்லையா என்று. நீ யோசித்துப் பார்த்துச் சொன்னாய். "வந்துச்சு அக்கா, நல்லாவே வந்துச்சு. ஆனா ரொஹாயா இன்னிக்கும் அங்கதான் நிக்கிறா. அதை முடிச்சிட்டு அப்புறம் கோவிச்சுக்கலாம்னு வெச்சிட்டேன்." சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாய். உன் தலை என் தோளில் சாய்ந்தது. இஸ்திரி போட்ட சீலை கசங்கிற்று. நான் அசையவில்லை.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. எத்தனையோ நாள் காத்திருந்தேன்.

அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தோம். முறை வந்ததும் நான் முன்னால் போனேன். அதிகாரி நடுத்தர வயது மலாய்க்காரர், காலில் கனத்த தொழிற்சாலைக் காலணி. என் மூன்று பக்கங்களை அவர் முன் வைத்து, என்னுடைய நல்ல மலாயில் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, புவான் என்று மரியாதையாக அழைத்து, அந்த இயந்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றேன். அவர் நாற்காலியை உன் பக்கம் திருப்பினார்.

நீ உன் சந்தை மலாயில் பேசினாய். ஒரு வாக்கியமும் இலக்கணப்படி இல்லை. வாக்கியம் முடியாத இடங்களில் கை முடித்து வைத்தது. அவர் வரைந்து காட்டச் சொன்னபோது, நீ என் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாய், என் பேனாவைக் கேட்காமலே எடுத்தாய், அதன் பின்புறத்தில் வரைந்தாய். இரண்டு உருளை, வலைக்கதவு, விசை, விசையில் கட்டு. ரொஹாயா நிற்கும் இடத்தில் ஒரு பொம்மை உருவம், அதன் இடது கை நீளமாக. கை போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி. அதிகாரி அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீ பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து முடிச்சுகளைக் காட்டினாய். அவர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சுக்குள் இருந்த ஓட்டை விசையின் தலை அளவுக்கே இருந்தது. எழுந்து உள்ளே போய் இன்னோர் அதிகாரியைக் கூட்டிவந்தார். அவர்கள் இரண்டு பேரும் உனக்கு எதிரே நின்றுகொண்டு கேட்டார்கள், நீ உட்கார்ந்து சொன்னாய்.

என் நேர்த்தியான கையெழுத்து மேசையில் குப்புறக் கிடந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு சிணுக்கமும் இல்லை என்பதை நானே வியப்போடு கவனித்தேன். நல்ல மலாய், திருந்திய எழுத்து, சரியான ஓரக்கோடு, இவையெல்லாம் ஒரு மனுஷியை நிமிர்ந்து உட்காரவைக்கும் என்று அறுபது வருடம் நம்பியவள் நான். நீ இவை ஒன்றும் இல்லாமல் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய்.

இயந்திரத்துக்கான விசாரணை தங்களுடையது, காயம்பட்டால் உதவித்தொகைக்கு வேறோர் அலுவலகம், சம்பளத் தகராறுக்கு இன்னொன்று என்று அதிகாரி பிரித்துச் சொன்னார். நீ மூன்றையும் எழுதிக்கொண்டாய். உன் பெயரைச் சொல்லமாட்டோம் என்றார். புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது சட்டத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். சுவரில் தொங்கும் தாளில் அதைப் பார்க்கவில்லையே என்றாய். அவர் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர்கள் சொல்லாமல் வந்தார்கள். இது நீ எனக்குச் சொன்னது, அதே நான்கு மணிக்கு, தேநீர் ஆறும்வரை. நடு ஷிப்டு. கேட்டில் காவலாளி தொலைபேசியை எடுப்பதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். மெக்கானிக் கத்தரியோடு ஓடியிருக்கிறார். அந்தக் காலணி அதிகாரி கையை உயர்த்தி, தொடாதே, அப்படியே விடு என்றிருக்கிறார். ஆலையில் அவ்வளவு அமைதியை நீ கேட்டதே இல்லையாம். உருளைகள் நின்றன. இயந்திரத்தில் தடை அறிவிப்பு ஒட்டப்பட்டது.

மறுநாள் சிலாங்கூரிலிருந்து மேலாளர் வந்தார். எல்லோரையும் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து, வெளியே போய்ப் பேசியது யார் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நீயும் திறக்க வேண்டியதில்லை. உன் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவர் பார்வை நேப்பாளத்திலிருந்து வந்த பெண்கள் நின்ற பக்கம் போயிற்று. ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தான் இதைச் செய்திருப்பார்கள், பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லத் தொடங்கினார்.

நீ கையை உயர்த்தினாய்.

ஏன் என்று நான் கேட்டேன். எனக்குப் பதற்றத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "அவங்களை ஊருக்கே அனுப்பிடுவாங்க அக்கா. என்னை எங்க அனுப்புவாங்க, ரெங்கத்துக்கா?" என்றாய். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தாய். அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. கரண்டி கேட்டாய்.

உன்னை நீக்கவில்லை. முடியவில்லை. காற்றில்லாத கிடங்குக்கு மாற்றினார்கள், பதினான்கு மாதம் அங்கே இருந்தாய். அதைப் பற்றியும் அதிகாரிக்கு நீயே எழுதினாய். என்னிடம் திருத்தக் கொடுத்தாய், இரண்டு பிழைகள் இருந்தன, திருத்தாமல் அனுப்பச் சொன்னேன். வலைக்கதவும் விசையும் புதிதாக வந்தன, கட்டு போட முடியாத விதமாக. பிற்பாடு சட்டப்படி இருக்க வேண்டிய பாதுகாப்புக் குழுவை உண்மையாகவே கூட்டத் தொடங்கியபோது தொழிலாளர்கள் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கூட்டத்துக்கு நீ என் பழைய கைப்பையை இரவல் வாங்கிப் போனாய். உள்ளே பயிற்சிப் புத்தகமும் ஒரு வாழைப்பழமும்.

நோய் உன்னை எடுத்துக்கொண்ட விதத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சீக்கிரம் முடிந்தது. அதற்கு மட்டும் நன்றி.

பதினாறாம் நாள் ரொஹாயா வந்தாள். நான் அவளை அதுவரை பார்த்ததில்லை, உன் படத்தில் பொம்மை உருவமாகத்தான் தெரியும். உன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கண் அவள் இடது கைக்கே போய்க்கொண்டிருந்தது. மரியாதை இல்லாத செயல், தெரிகிறது. அவள் கவனித்துவிட்டாள். கையை என் மடிமேல் வைத்து, உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். "செம்புர்ணா, மக்சிக்" என்றாள். முழுசாக இருக்கிறது ஆண்ட்டி என்று. கடையில் துணியை விரித்துக் காட்டுவதுபோல் அமைதியாகக் காட்டினாள். அந்தக் கையில் மூன்று பிள்ளைகளின் சோறு இருந்தது. மோதிர விரலில் மருதாணி மங்கியிருந்தது. மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் என்று சொன்னாள். நான் அவள் கையை மூடி, என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். வெகு நேரம். உன்னை நினைத்து அழாதவள் அப்போதுதான் அழுதேன்.

இப்போது நான்கு மணிக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். நீ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய் போல. போன மாதம் பின்வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. சாரத்தில் கைப்பிடிக் கம்பியே இல்லையாம், இன்னும் ஆட்கள் அதில் ஏறிக்கொண்டிருக்கிறார்களாம். யாரிடம் சொல்வது என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய குரலில், ஜொகூர் பாருவில் மாநில அலுவலகம் இருக்கிறது, நேராக அங்கே போ, நம் கதவு அதுதான் என்றேன். விலாசமும் எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லிப் போனாள்.

கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது உறைத்தது. வீடுதான் ஜொகூரில். சாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, வேறு நாட்டில். அங்கே சட்டம் வேறு, அலுவலகம் வேறு. இங்கே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு நாள் போகும். சாரத்தில் நிற்பவர்களுக்கு என்ன போகும் என்று சொல்ல முடியாது.

நல்ல மழை. குடையை எடுத்தேன். வீட்டுச் செருப்போடு, வாரிய தலை கலைந்ததையும் பார்க்காமல், பின்வரிசைக்கு நடந்தேன். அவள் கதவைத் திறந்து, இந்த மழையில் ஏன் ஆண்ட்டி, நாளைக்குச் சொல்லியிருக்கலாமே என்றாள். நான் சொன்னது தப்பு என்றேன். உள்ளே வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை, வாசற்படியிலேயே சொல்லிவிட்டேன். சரியான இடம் எது என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. உன் போனை எடு, சேர்ந்து தேடுவோம்."

இந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தன என்பதை நீ கேட்டிருக்க வேண்டும். அவள் ஒரு துண்டு கொடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விரல் திரையை மேலே தள்ளியது, நான் வரிவரியாகப் படித்தேன். சரியான அலுவலகம் வரும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.